பின் சீட்டுச் சத்தம்

எங்கள் வீட்டுக் கார் ஆண்களுக்கு ஒரு மாதிரியும் பெண்களுக்கு ஒரு மாதிரியும் ஓடும். ஆண்கள் ஏறினால் பூனை மாதிரிப் போகும். பெண்கள் ஏறினால் பின்னாலிருந்து டொக்கு டொக்கென்று இடிக்கும். இதை இன்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். அன்றும் சிரித்தார்கள். சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான்.

ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானலில் நாயுடுபுரத்தில் எங்கள் வீடு. அத்தாவுக்கு பஜாரில் மளிகைக் கடை. அப்பாவை எங்களில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஊரைவிட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் போகிற அவசரத்தில் அத்தாவின் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது. என்னைவிட வயதில் மூத்தது. கறுப்பு நிறம், பெரிய வயிறு, ஏறி இறங்க ஒரு படி. அத்தாவின் தம்பி, அதாவது என் சின்னத்தா, அதைக் கார் என்று சொல்லமாட்டார். "கப்பல் கெளம்பிருச்சா?" என்றுதான் கேட்பார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. வெளியே போனால் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போவார்கள். பஸ்ஸில் ஏறும் வழக்கமே கிடையாது. காரின் பின் ஜன்னல்களுக்கு அம்மா தன் தையல் மிஷினில் பச்சைத் துணியில் திரை தைத்துப் போட்டிருந்தாள். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவள் பழனிக்குப் போவாள். பழனியில் அவளைப் பெற்ற நன்னா, அதாவது என் தாத்தா, ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் கிடந்தார். மலையிலிருந்து பழனிக்கு அப்போது நேரே இறங்கக் கார் ரோடு இல்லை. வத்தலக்குண்டில் இறங்கி, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மாதம் ஒரு தடவை அத்தா முகம் சுளிக்காமல் கூட்டிப்போவார். கார் இருக்கிறவரை அம்மாவுக்கு நன்னா உண்டு. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் சின்னப் பெண். எனக்குத் துப்பட்டியும் இல்லை, திரையும் இல்லை. முன் சீட்டில் அத்தா பக்கத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, பெருமாள்மலை வளைவுகளையெல்லாம் நானே திருப்புகிற மாதிரி நினைத்துக்கொண்டு போவேன். அதனால் சத்தத்தை நான் கவனித்ததில்லை. அம்மாதான் முதலில் சொன்னாள்.

"என்னங்க, பின்னாடி எடது பக்கம் என்னமோ இடிக்குதுங்க."

முன்னால் இருந்த அத்தாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. நிறுத்திப் பார்த்தார். டயரை உதைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் அம்மா சொன்னாள். அதற்கடுத்த பயணத்தில் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை சொன்னாள். கூட வந்த சின்னம்மா, அதாவது சின்னத்தாவின் சம்சாரம், "ஆமாங்க மச்சான், என் எலும்பெல்லாம் கழண்டுபோச்சு" என்று ஒத்து ஊதினாள். சின்னம்மா நல்ல பருமன். அவள் எலும்பு கழண்டதென்றால் அது சாதாரண இடி இல்லை.

அத்தா பஜாரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவரும் அத்தாவும் முன் சீட்டில் ஏறி ஏரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைத் தூது அனுப்பினாள்.

"போய்ச் சொல்லுடி. பின்னாடி ஆளு உக்காந்தாத்தான் சத்தம் வருமாம். ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டச் சொல்லு."

நான் ஓடிப்போய் வார்த்தை மாறாமல் சொன்னேன். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"பாப்பா, வண்டி தங்கமா இருக்கு. வளைவுல பயந்து வந்தா எல்லாச் சத்தமும் கேக்கத்தான் செய்யும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு."

யோசித்துப் பாருங்கள். சத்தம் வரவேண்டுமென்றால் பின் சீட்டில் பாரம் ஏறவேண்டும். பின் சீட்டில் ஏறுகிறவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கிற வண்டியை அந்நிய ஆம்பிளை ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே சத்தம் இருக்கிறபோது மெக்கானிக் இல்லை, மெக்கானிக் இருக்கிறபோது சத்தம் இல்லை. அரிசி மூட்டையை ஏற்றிப் பார்க்கலாம் என்று மளிகைக் கடைக்காரரான அத்தாவுக்கே தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

ஒருநாள் அத்தா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "நீங்க மலையில பயந்துக்கிட்டே வர்றது எனக்கு மனசுக்கு ஒப்பல. வண்டியைக் குடுத்துரலாம்னு இருக்கேன். காப்பித் தோட்டத்து மானேஜர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கெழமை வந்து பாக்குறாராம்."

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "அப்புறம் பழனிக்கு?" என்று கேட்டாள். "பாத்துக்கலாம்" என்றார் அத்தா. எங்கள் வீட்டில் பாத்துக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம்.  அம்மா குழம்பு ஊற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மத்தியானம் தனி ராஜ்ஜியம். அத்தா, சின்னத்தா, அண்ணன் எல்லாரும் குளித்து, அத்தர் பூசி, ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு ஆண்களும் அங்கேதான் இருப்பார்கள். தொழுகை முடிந்து அவர்கள் திரும்புகிறவரை முற்றம் முழுக்கப் பெண்களுக்குச் சொந்தம். மற்ற வெள்ளிக்கிழமைகளில் தலை காயவைப்பார்கள், வத்தல் காயப்போடுவார்கள், சத்தமாகச் சிரிப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, "வாடி, கார்ல ஏறு" என்றாள் சின்னம்மாவிடம்.

"எங்க போறோம் அக்கா?"

"எங்கயும் போகல. உக்காந்து குதி."

சின்னம்மா பின் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை. அது போதாதென்று ஆட்டுக்கல்லின் குழவியையும் தூக்கி வைத்தாள் அம்மா. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் செங்கல் அண்டை கொடுத்தாள். எனக்குக் கொடுத்த வேலை, பின் பம்பரில் ஏறி நின்று குதிப்பது. இதைவிட நல்ல வேலை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. நான் வெளியே குதித்தேன். சின்னம்மா உள்ளே குதித்தாள். கப்பல் ஆடியது. டொக்கு!

"நான் சொன்னேன்ல!" என்று அம்மா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். கையில் பிரியாணித் தேக்சாவைக் கிண்டுகிற நீள மரத்துடுப்பு. அதன் ஒரு முனையை இரும்பில் வைத்து, மறு முனையைக் காதில் ஒட்டிக்கொண்டாள். "குதிங்க!" என்றாள். குதித்தோம். துடுப்பு இடம் மாறியது. "குதிங்க!" மறுபடி குதித்தோம். தையல் மிஷினில் ஏதாவது கரகரத்தால் அம்மா இப்படித்தான் மரக்கட்டையை வைத்துக் கேட்பாள். எந்த இடத்தில் எண்ணெய் போதவில்லை, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அவளே சரிசெய்துகொள்வாள். மிஷினுக்காக யாரையும் கூப்பிட்டதில்லை. காரும் அவளுக்குப் பெரிய மிஷின், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் துடுப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. இடது பின் சக்கரத்துக்கு உள்பக்கம், குலுக்கலைத் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கை இருக்கும். அந்தக் கையையும் சக்கர அச்சையும் சேர்த்துப் பிடிக்கிற சின்னத் தண்டு ஒன்று. தண்டின் நுனித் துளையில் இருக்கவேண்டிய ரப்பர் வளையம் தேய்ந்து தூளாகிப் போயிருந்தது. பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கிக் குலுங்கினால் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். அம்மா என்னையும் உள்ளே இழுத்துக் காட்டினாள். "இந்தா பாரு, பல்லு இல்லாத ஈறு மாதிரிக் கெடக்கு" என்றாள்.

நட்டு அசைய மறுத்தது. விளக்கெண்ணெய் ஊற்றினாள். வண்டியிலேயே கிடந்த ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் குழவியால் தட்டினாள். சின்னம்மா இறங்கிவந்து தன் பாரத்தையெல்லாம் ஸ்பேனரின்மேல் போட்டாள். கிரீச்சென்று கழன்றது. ரப்பருக்கு எங்கே போவது? அத்தா கொல்லைப்பக்கம் போட்டுக்கொண்டு போகிற டயர்ச் செருப்பு வாசலில் கிடந்தது. அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அரிவாள்மனையில் வைத்து அதன் குதிகாலை அறுத்து, வட்டமாகச் செதுக்கி, நடுவில் சூட்டுக்கோல் வைத்து ஓட்டை போட்டாள். அளவு சரியாக வரவில்லை. இன்னொன்று செதுக்கினாள். இரண்டாவது வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது.

அதற்குள் ஏரிப் பக்கமிருந்து மேகம் இறங்கி முற்றத்தை மூடியது. தெருவில் ஆண்களின் பேச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. "வெரசா, வெரசா" என்று சின்னம்மா அரிசி மூட்டையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நட்டை முறுக்கிவிட்டு அம்மா வெளியே வந்தபோது அவள் கன்னமெல்லாம் கறுப்பு. கடைசியாக ஒரு தடவை குதிக்கச் சொன்னாள். குதித்தேன். ஒரு சத்தமும் இல்லை. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊரிலேயே, இல்லை, வத்தலக்குண்டு வரைக்குமே, என் அம்மா மாதிரி ஒரு ஆள் கிடையாது என்று எனக்கு நெஞ்சு விம்மியது. இதை எழுதுகிற இந்த நிமிஷமும் விம்முகிறது.

சோறு பரிமாறும்போது அத்தா, "கையென்ன இப்படிக் கறுத்துக் கெடக்கு?" என்று கேட்டார். "அடுப்புக்கரிங்க" என்றாள் அம்மா. வண்டிக்கு அடியில் படுத்ததைச் சொன்னால் ஏச்சுத்தான் கிடைக்கும். சின்னம்மாவுக்குப் புரை ஏறியது. சாயங்காலம் அத்தா ஒற்றைச் செருப்போடு வீடு முழுக்க இன்னொன்றைத் தேடினார். "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் சின்னத்தா. நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மானேஜர் வந்தார். கூடவே அவர் மனைவியும், கொழுகொழுவென்று இரண்டு பிள்ளைகளும். எல்லாரும் பின் சீட்டில் ஏறினார்கள். நான் வழக்கம்போல முன் சீட்டில். பெருமாள்மலை வரை போய்த் திரும்பினோம். வண்டி பூனை மாதிரிப் போனது. அத்தா அடிக்கடி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். முற்றத்தில் வந்து இறங்கியதும் மானேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்னமோ சத்தம்னு சொன்னாங்களே பாய், கம்முனு இருக்கே! யாருகிட்ட ரிப்பேர் பாத்தீங்க?"

"ரிப்பேரெல்லாம் ஒண்ணும் பாக்கலீங்க. தானாப் போயிருச்சு போல."

தானாகவா? என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"தானா ஒண்ணும் போகல! எங்கம்மாதான் சரி பண்ணுச்சு! அடியில படுத்து, துடுப்ப வச்சு, செருப்ப அறுத்து!"

 மானேஜரின் மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். அத்தா என்னைப் பார்த்தார். பிறகு காரின் பின்பக்கம் போய்க் குனிந்து, இடது சக்கரத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்தார். தன் செருப்பின் டயர்க் கோடுகளை அவருக்குத் தெரியாதா? குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் நேரே வீட்டுக்குள் போனார். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அத்தா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்புள்ள, சத்தம் சத்தம்னு சொன்னது நீதானே? பயப்படுறியேன்னுதானே விக்கக் கெளம்புனேன்."

"சத்தம்னுதான் சொன்னேன். வண்டி வேணாம்னு எப்பங்க சொன்னேன்?" என்றாள் அம்மா. 

 அத்தா வெளியே வந்து மானேஜரிடம் கையைக் கூப்பினார். "கோவிச்சுக்காதீங்க சார். வண்டி குடுக்கறதா இல்ல. இது எங்க வீட்டுப் பொம்பளைங்க வண்டி." மானேஜர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தே போனார். அவர் மனைவி மட்டும் திரும்பித் திரும்பி எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு போனாள்.

எனக்கோ வேறு கவலை. நன்றாக விலை போயிருக்கவேண்டிய வண்டி. அதை விற்பதற்காகத்தானே அம்மா அத்தனை பாடுபட்டாள்? நான் வாயைத் திறந்ததால் எல்லாம் கெட்டுப்போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"என்னாலதான்மா வண்டி விலை போகல. நீ செஞ்ச வேலையெல்லாம் வீணாப் போச்சு!"

அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தாள். சின்னம்மாவைக் கூப்பிட்டு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "படுடி. வெள்ளனே எந்திரிக்கணும். நாளைக்குப் பழனிக்குப் போறோம்" என்றாள்.

தன் வேலை வீணாய்ப் போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற ஒருத்தியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.