மூலை அடுக்கு

பணிக் குறிப்பேட்டில் அவரைப் பற்றி ஒரே வரிதான்: "விளக்குப் பராமரிப்பாளர். விதைக்கிழங்கு அறையில் எந்த விளக்கும் அணையாமல் பார்த்துக்கொள்பவர்." வீட்டிலோ, ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அணைக்கிற மனிதர்.

விதைக்கிழங்கு அறைக்கு ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு இரும்பு அடுக்குகள். மேலே சிவப்பும் நீலமுமாய் எல்.இ.டி. விளக்குகள்; கீழே இடுப்புயரத்துக்கு உருளைக்கிழங்குச் செடிகள். பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். மண்ணைக் கிளறியதும் மூடிக்கொண்டார்கள். பேருக்குக்கூடக் கிழங்கு இல்லை. மேலாளரிடம் இருந்தது ஒரே மருந்து: இன்னும் வெளிச்சம். பதினாறு மணி நேரம் பதினெட்டாகி, இருபத்து நான்கும் ஆனது. இரண்டு மாதத்தில் கிழங்கு வராவிட்டால் அறைக்குப் பூட்டு. விளக்குப் பராமரிப்பாளருக்கும் அங்கே தண்ணீர் விடும் அவர் மச்சினிக்கும் ஒரே நாளில் வேலை போகும்.

மூலை அடுக்கில் மட்டும் டைமர் பழுது. தினமும் பத்து மணி நேரம் எரிந்து, தானே அணைந்துவிடும். மூன்று மாதமாகப் பதிவேட்டில் "சரி" என்று எழுதியதைத் தவிர அவர் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தச் செடிகள் சவலைப்பிள்ளை மாதிரி குட்டையாய் நின்றன. யாராவது வந்தால் முன்னால் ஏணியைச் சாத்தி மறைப்பார்.

ஒரு நாள் காலை மச்சினி அங்கிருந்து ஒரு தொட்டியைத் தூக்கினாள்.

"என்ன மாமா இந்தக் கனம் கனக்குது? கல்லு கில்லு போட்டு வச்சிருக்கீங்களா?"

"என் தலையெழுத்தைப் போட்டு வச்சிருக்கேன். கீழ வை, யாராச்சும் பாத்துடப் போறாங்க."

அவள் விரலை விட்டுத் துழாவினாள். கோழிமுட்டை அளவில் ஏழு கிழங்குகள்.

"நீங்க வேலை செய்யாத இடத்துலதான் மாமா வேலை நடந்திருக்கு!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்னால் மூன்று மாதப் பொய் வெளியே வரும், சொல்லாவிட்டால் பூட்டு. மச்சினி தொட்டியை இறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பதிவேட்டையும் தொட்டியையும் கொண்டுபோய் மேலாளரின் மேசையில் வைத்தார். "மத்த பதினொண்ணையும் இதே மாதிரி பழுதாக்கிடட்டுமா சார்?"

"அணைக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

"எரிய விட்டதுக்குக் குடுத்தீங்களே சார், கிழங்கா வந்துச்சு?"

மேலாளர் கிழங்குகளை இரண்டு தடவை எண்ணினார். விளக்குப் பராமரிப்பாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும், விளக்கை அணைக்க அனுமதி ஒன்றும் ஒரே உறையில் வந்தன. ஏழாவது வாரம் எல்லாத் தொட்டிகளும் கனத்தன.

அறை திறந்திருக்கிறது. குறிப்பேட்டில் அந்த வரியை யாரும் திருத்தவில்லை. அவர் செய்தது இதுதான்: பன்னிரண்டு அடுக்கு விளக்குகளையும் தினமும் பதினான்கு மணி நேரம் அணைத்து வைத்தார்.