எலும்புக்கு ஒரு மூக்கு

எலும்புக்காரர் என்றதும் ஆள் ஒட்டி உலர்ந்து இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வாசலிலும் அவருக்கு முன்னால் அவர் தொப்பைதான் நுழையும். பெயர் வந்தது வேலையால். கிட்டாரின் கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைத் துண்டு இருக்குமே, தந்திகள் அதன் பள்ளங்களில் உட்கார்ந்திருக்குமே, அதைக் கடைக்காரர்கள் நட்டு என்பார்கள். அந்த நட்டுக்கு எலும்பு பதப்படுத்திக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. பிளாஸ்டிக்கிலும் வருகிறது. காது உள்ளவர்கள் எலும்பைத்தான் கேட்பார்கள்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமை வேண்டும். கறிக்கடையில் மாட்டின் காலெலும்பாகப் பார்த்து வாங்க வேண்டும். மற்ற எலும்பெல்லாம் உள்ளே பஞ்சு, சூப்புக்குத்தான் ஆகும். இரண்டு முனையையும் ரம்பத்தால் அறுத்துப் போட்டு, நடுத்தண்டிலிருந்து மஜ்ஜையைக் கம்பியால் குத்தித் தள்ளி, ஒட்டிய சவ்வைச் சுரண்ட வேண்டும். அப்புறம் சோப்புத்தூள் போட்ட தண்ணீரில் இளஞ்சூட்டில் கிடக்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் தீர்ந்தது. கொழுப்பு எலும்புக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். மேலே எண்ணெய் மிதக்க மிதக்கத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வாரக்கணக்கில். பிறகு நிழலில் உலர்த்தி, பட்டையாக அறுத்து, உப்புத்தாளில் தேய்த்தால் துண்டு தயார்.

இதில் ஒரு வில்லங்கம். மேலே பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே கொழுப்பு ஒளிந்திருக்கும். அரம் போட்டுச் சூடேற்றினால்தான் அது வாயைத் திறக்கும். அந்த இடத்தை மோந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். எலும்புக்காரருக்கோ மூக்கு செத்து வருஷக்கணக்காகிறது. காபிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் நாக்கில் பட்டால்தான் தெரியும்.

அவருக்கு மூக்காக இருந்தது மனைவி. அவர் வேலை செய்யும் பின்னறைக்குள் அடி வைக்கமாட்டாள். வாசலில் நின்று கழுத்தை மட்டும் நீட்டுவாள். இவர் அரம் போட்ட முனையை நீட்டுவார். "மாடு இன்னும் போகல" என்பாள். சட்டி மறுபடி அடுப்பில் ஏறும். "போயிடுச்சு" என்றால் ரம்பத்தை எடுப்பார். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது இதைத்தான். வேறு பேச்சுக்குத் தேவையும் இருந்ததில்லை.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் மோந்து ஒப்புக்கொண்ட எலும்பு ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தது. அதை வைத்தே ஓட்டினார். பெட்டி காலியான அன்று உள்ளே கையை விட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டு, மூடியைச் சாத்தினார்.

புதிதாகச் சட்டி ஏற்றியாயிற்று. மூக்குக்கு எங்கே போவது? கறிக்கடைக்காரரிடம் ஒரு துண்டை நீட்டினார்.

"எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதாண்ணே மணக்குது," என்றார் அவர். "என் பொண்டாட்டியே என் கிட்ட உக்காரமாட்டேங்கிறா. என்கிட்ட வந்து நாத்தம் கேக்கறீங்களே!"

வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார்.

"எப்பப்பா வர்றே?"

"ஏம்ப்பா, உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு எலும்பு மோந்து பாக்கணும்."

"அப்பா, இதுக்கெல்லாம் லீவு கேட்டா சிரிப்பாங்கப்பா."

"சரி சரி, நீ வேலையப் பாரு."

அப்போதுதான் மாடியம்மாவின் ஞாபகம் வந்தது. மேல்வீட்டில் தனியாக இருக்கும் அந்த அம்மாள் ஓய்வு பெற்ற நர்ஸ். கீழே சட்டி ஏறினால் போதும், படீரென்று ஜன்னலை அடைத்துவிட்டு மாடிப்படியில் நின்று, "இது வீடா, கறிக்கடையா?" என்று பிடித்துக்கொள்வாள். வருஷக்கணக்கான சண்டை அது. இப்படியொரு மூக்கு தலைக்கு மேலேயே இருக்கும்போது தேடி அலைவானேன்? அவள் கத்தாவிட்டால் எலும்பு சுத்தம். எலும்புக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாரம், இன்னொரு வாரம். மேலேயிருந்து ஒரு சொல் இல்லை. சுத்தமாகத்தான் வந்திருக்கிறது என்று அறுத்து, தேய்த்து, கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கட்டு அப்படியே திரும்பி வந்தது. கிட்டார் கடைக்காரரே கொண்டு வந்தார்.

"மேடையில விளக்குச் சூடு பட்டதும் நாறுதாம்ணே. பக்கத்துல பாடுற பொண்ணு தள்ளித் தள்ளி நின்னு கடைசியில திரைக்குப் பின்னாலயே போயிடுச்சாம்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் பிளாஸ்டிக்குக்குப் போயிடுவேன். கோச்சுக்காதீங்க."

அவர் போனபின் எலும்புக்காரர் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். ரம்பம், அரம், சட்டி. இந்த வேலையும் போனால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்பது அவருக்குத் தெரியவில்லை. விறுவிறுவென்று மாடிப்படி ஏறினார். அந்தப் படியில் அவர் கால் வைத்ததே அன்றுதான்.

கதவு பாதி திறந்தது.

"ஏம்மா, நீங்க ஏன் திட்டல?"

"என்னது?"

"முன்னெல்லாம் திட்டுவீங்கல்ல? இந்தத் தடவை ஏன் வாயே திறக்கல? நாறலையா?"

"நாறலையா? சோறு இறங்கல எனக்கு! ஜன்னலுக்கெல்லாம் துணிய அடைச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே!"

மாடியம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். "பொண்டாட்டிய பறிகொடுத்துட்டு ஒத்தையில கிடக்கிற மனுஷன என்னன்னு திட்டுறது? எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஒரு வருஷமாக அந்தத் தெருவில் யாரும் எலும்புக்காரரிடம் குரல் உயர்த்தியதில்லை. பால்காரர்கூட மெதுவாகத்தான் பேசினார். ஆஸ்பத்திரி வாசலில் பேசுகிற மாதிரி.

"பாவம் பாத்தது போதும்மா," என்றார். "நீங்க திட்டினாத்தான் எனக்குப் பொழப்பு."

விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நல்ல வேலை குடுத்தீங்க போங்க," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வந்த துண்டுகளைத் தூர எறிந்தார். புது எலும்பு சட்டியில் ஏறியது. மறுநாளே மாடிப்படியில் குரல் கேட்டது. "யோவ் கீழ்வீடு! குடலப் புரட்டுது!" எலும்புக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார். தண்ணீரை மாற்றினார். "இன்னும் இருக்கு! மனுஷர் குடியிருக்கிற இடமா இது?" மறுபடி மாற்றினார். வாரம் ஆக ஆகக் குரல் குறைந்தது. ஒருநாள் நின்றே போனது.

இப்போது அந்த மௌனத்தை நம்பலாமா என்று அவருக்குச் சந்தேகம். அரம் போட்ட முனையோடு படியேறினார்.

"நெஜமாவே இல்லையா? இல்ல, திரும்பப் பாவம் பாக்குறீங்களா?"

மாடியம்மா அதை வாங்கி, கண்ணை மூடி, ஆழ இழுத்துப் பார்த்தாள். "பாவமெல்லாம் எப்பவோ தீந்து போச்சு. கழுவி வெச்ச பீங்கான் மாதிரி இருக்கு. கொண்டுபோங்க."

கடைக்காரர் துண்டுகளை ஒவ்வொன்றாக அரம் போட்டு மோந்து பார்த்துவிட்டு, இழுப்பறைக்குள் தள்ளினார். அடுத்த மாதத்துக்கும் வேண்டும் என்றார்.

"யாருண்ணே இப்ப மோந்து பாக்குறது?"

"மாடியில ஒரு அம்மா."

"சொந்தமா?"

எலும்புக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல," என்றார். "திட்டுறவங்க."