ஏரி நிறைந்த ஆண்டில் ஆரோக்கியமேரி சொன்னது

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஆரோக்கியமேரியின் மகள் ஸ்டெல்லா போன் செய்தார். "சார், அம்மா போயிட்டாங்க. சாயங்காலம் திண்டிவனத்துல அடக்கம்." அதன்பின் வந்த இரண்டு திண்டிவனம் வண்டிகளை விட்டுவிட்டேன். ஏறத் துணிவு வரவில்லை. மூன்றாவதில்தான் ஏறினேன்.

அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போய்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பவர். எத்தனை களைப்பிலும் ஒருமுறைக்கு இருமுறை நாடாவை இறக்குவார். "ஒரு தரம் பார்த்தா நமக்குப் புடிச்ச கணக்குதான் சார் கண்ணுல படும்" என்பார். உங்களுக்குத் தெரியாத ஒன்றுக்காகவே இதை எழுதுகிறேன்.

வல்லம் பக்கம் என் சொந்த ஊரில், புதிய போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவைக்கலாமா என்று கிராமசபை கூடியது. அந்த ஆண்டு நல்ல மழை. ஏரி நிறைந்து கலங்கலில் வழிந்துகொண்டிருந்தது. மேரி எழுந்து, "மேல தண்ணி நிக்குதுங்க. கீழ மட்டம் ஏறல. அளந்துட்டுதான் சொல்றேன்" என்றார்.

"ஏரி ரொம்பி வழியுது, இந்தம்மா தண்ணி இல்லன்னு சொல்லிக்கினு இருக்குதே!" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. பிறகு எல்லோரும் பொறியாளரான என்னைப் பார்த்தார்கள். "இன்னும் ரெண்டு மழை பேஞ்சா கீழயும் ஏறிடும், பயப்படாதீங்க" என்றேன். தீர்மானம் தோற்றது.

என் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலை போடும் நிலத்தில், போர் போட முந்தின நாள்தான் துளைபோடும் வண்டிக்குச் சொல்லியிருந்தேன். பொய் சொல்வதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏரியைப் பார்த்தேன், எனக்கு வேண்டியதை நம்பிக்கொண்டேன்.

மூன்றாம் கோடையில் ஊரின் குடிநீர்க் கிணறு வற்றியது. குடங்களோடு பெண்கள் என் கொல்லைக்கு வந்தார்கள். என் போரிலும் காற்றுதான் வந்தது. கிணற்றை அளக்க வந்த மேரியிடம், "அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன்.

"ஏரி கண்ணுக்குத் தெரியுது சார், கீழ இருக்கிறது தெரியுமா? எல்லாரும்தான் ஏமாந்துட்டோம்."

'எல்லாரும்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். வண்டி விஷயத்தை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

கல்லறையில் மண் போட்டுத் திரும்புகையில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்புன்னா ஒத்துக்கிற ஒரே ஆபீசர் நீங்கதான்னு அம்மா சொல்லிக்கினே இருப்பாங்க சார்."

மேரி எனக்கென்று விட்டுப்போனது அந்த நல்ல சொல். பாதியை ஒத்துக்கொண்டதற்காகக் கிடைத்தது. மீதியை ஸ்டெல்லாவிடமும் அன்று நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.