தாடைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு குடை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்னைக் கண்காணிக்க வந்த ஒரு அம்மாவை, சேலை டிசைன் திருட வந்தவர் என்று முடிவு கட்டி, அரை நாள் அவரை நான் கண்காணித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு தை மாதம், செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு செண்டுப்பூத் தோட்டம். திண்டுக்கல்லில் பத்து வருடமாகக் கல்யாணமும் சடங்கும் படம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, சின்னாளபட்டிச் சேலை வியாபாரி ஒருவர் மாடலை வைத்து எடுக்கும் வேலையை முதன்முதலாகக் கொடுத்தார். "டிசைன் வெளிய போச்சுன்னா இந்தப் பக்கமே வந்துராதீக" என்று சொல்லித்தான் சேலை மூட்டையை நீட்டினார். படம் நன்றாக வந்தால் வருடம் முழுக்க வேலை. இல்லையென்றால், மறுபடியும் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துப் படம் எடுக்க வேண்டியதுதான்.

மாடல் பெண் மதுரையிலிருந்து வந்தார். கூடவே அவருடைய அத்தை, கையில் கறுப்புக் குடை. அத்தை வந்ததும் வராததுமாகப் போனை எடுத்து என் பைக் நம்பரைப் படம் பிடித்தார். அப்புறம் என்னை. நானும் விவரம் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு அத்தை, பெண் சேலை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்த மோட்டார் ரூமுக்குள் போனார். உள்ளே போன் பளிச் பளிச்சென்று மின்னியது. சேலை மூட்டை அங்கேதான் இருந்தது. சரி, ஆள் அதற்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சேலை. கல்யாண மேடையில் எனக்கு ஒரு பழக்கம். 'தலையைத் தூக்கும்மா' என்று சொல்லி முடிப்பதற்குள் என் இரண்டு விரல்கள் மணப்பெண்ணின் தாடைக்கடியில் போயிருக்கும். அன்றைக்கும் போயின. ஆனால் விரலுக்கும் தாடைக்கும் நடுவில் கறுப்புக் குடை வந்து நின்றது.

"வாயில சொல்லுங்க தம்பி."

வாயில் சொல்லத்தான் எனக்கு வார்த்தையே இல்லை. "கொஞ்சம் அழகா நில்லுங்க" என்றேன். "எப்படி சார்?" என்றார் அந்தப் பெண். பத்து வருடம் கையாலேயே பேசியவன் நான். கடைசியில் கழுத்தில் கிடந்த துண்டை முந்தானையாகப் போட்டு, இடுப்பை ஒடித்து, தாடையைத் தோளுக்குத் திருப்பி, பூச்செடிகளுக்கு நடுவில் நானே நின்று காட்டினேன். என் தொப்பையும் என்னோடு சேர்ந்து திரும்பியது. பூப்பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏப்பு, படத்துல வரப்போறது நீயா, அந்தப் பிள்ளையா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு எடுத்த படம்தான் அன்றைக்கு முதலில் தேறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போஸும் முதலில் நான், அப்புறம் அவர் என்று வேலை நடந்தது.

ஆனால் அத்தையின் போன் மட்டும் ஓயவில்லை. மூன்றாவது சேலையின்போது வரப்பில் தள்ளி நின்று மெதுவாகப் பேசினார். காற்று என் பக்கம் அடித்தது. "இன்னும் பிடிபடல. மத்தியானம் வரைக்கும் பாத்துட்டுச் சொல்றேன்." எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய்க் கேட்டேன்.

"டிசைனை யாருக்கு அனுப்புறீங்க?"

அத்தை கோபப்படவில்லை. "பாத்துக்கங்க" என்று போனையே கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு சேலைகூட இல்லை. என் பைக் இருந்தது. என் அசட்டுச் சிரிப்பு இருந்தது. மோட்டார் ரூமின் உடைந்த ஜன்னல், உள்தாழ்ப்பாள், கேமரா ஏதும் ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பார்த்த மேல் மூலை. அதற்கடுத்த படத்தில் ஒரு பெண்ணின் தாடையை நோக்கி நீண்ட என் கை. அந்தப் பெண்ணின் கழுத்து பின்னால் போயிருந்தது.

"போன தடவை ஒருத்தன் மடிப்ப சரி பண்றேன்னு கை வச்சான். இவ ஆறு மாசம் வேலைக்கே போகல. அதான், புது ஆளுன்னா மாடல் பிள்ளைக வீட்டு ஆளுக இருக்குற எங்க குரூப்புல விசாரிப்பாக. நான் சரியில்லன்னு போட்டா இனி உங்க படத்துக்கு ஒரு பிள்ளையும் வராது" என்றார் அத்தை.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிச் சேலைகளுக்கு, கேட்காமலே பத்தடி தள்ளி நின்றேன். ஜன்னலுக்கு என் துண்டைக் கட்டினேன்.

வேலை கிடைத்தது, இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பழைய கல்யாணப் படங்களைப் புரட்டினேன். 'வெட்கம்' என்று நான் ஆசைஆசையாக எடுத்து வைத்திருந்த எத்தனையோ படங்களில், மணப்பெண்ணின் கழுத்து அதே மாதிரி பின்னால் போயிருந்தது. அவர்களுக்கு ஒரு குடை இல்லாமல் போனதே என்ற நினைப்பு, கேமராவைத் தூக்கும்போதெல்லாம் என் கையை இழுத்துப் பிடிக்கிறது.

அன்று சாயந்திரம் பஸ் ஏற்றிவிடும்போது, மனசு கேட்காமல் அத்தையிடம் கேட்டேன், "குரூப்புல என்னைப் பத்தி என்னன்னு போட்டீங்க?"

குடையை மடக்கிக்கொண்டே சொன்னார், "தொடமாட்டாருன்னு."