துவக்குக்கு அனுமதி வந்துவிட்டது

இன்று பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடையில் ஜெயம் அண்ணையைக் கண்டேன். லாசாலில் அவரோடு வேலை செய்யும் கியூபெக்காரர்கள் அவரை மான் வேட்டைக்குப் பழக்கிவிட்டார்கள். அடுத்த மாதம் எல்லை தாண்டி அமெரிக்காவின் வெர்மான்டுக்குப் போகிறார்களாம்.

பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"முதல்ல அங்கத்தைய வேட்டை லைசென்ஸ் எடுத்தன். பேந்து அதின்ர கொப்பியை வைச்சுத் துவக்குக்கு எழுதிப் போட்டன். கொண்டுவரலாமெண்டு அனுப்பியிருக்கிறாங்கள்."

துவக்கின் நம்பர் வரை அதில் இருந்தது.

"உங்கட விசா, அண்ணை?"

கனடாப் பாஸ்போர்ட் என்றால் விசா தேவையில்லை; அண்ணையிடம் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதை யோசிக்கேல்லை, தம்பி. இனி எழுதிப் போட்டால், ஏன் வாறாய் எண்டு கேப்பாங்கள். என்னத்தை எழுதிறது?"

"துவக்குக்குத் துணையாக" என்றேன்.

அண்ணை சிரிக்கவில்லை. உங்களிடம் இதைவிட நல்ல பதில் இருக்கிறதா?