புங்க மரத்தடியில் பத்து நிமிடம்

மாதனூரில் கம்பெனி பஸ் ஏழு மணிக்கு வரும். என் கணவர் பத்து நிமிடம் முன்பே போய் ஸ்டாப்பிங்கில் உள்ள புங்க மரத்தடியில் சும்மா நிற்பார். வீட்டில் தலைக்குமேல் வேலை கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்த மரத்துல இன்னா இருக்குது?" என்று கேட்டேன்.

"அங்க பத்து நிமிஷம் நின்னாதான் கம்பெனியில நாள் பூரா நிக்க முடியுது" என்றார்.

அதைக் கெடுக்கவே சோற்று டப்பாவை வேண்டுமென்றே தாமதமாகக் கட்டித் தருவேன். அவர் அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். இப்போது அதே கம்பெனிக்கு நான் போகிறேன். சீக்கிரமே டப்பா கட்டிக்கொண்டு அந்த மரத்தடியில் நிற்கிறேன். தலையில் பூ உதிர்கிறது. மூச்சு லேசாகிறது. அந்த நேரம் பார்த்து, டப்பாவோடு அவர் ஓடியது கண்முன் வந்து நிற்கிறது.