பியூலா மிஸ் வாய் மூடிய கதை

பெருங்களத்தூரில் தண்டவாளத்தை ஒட்டின தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இரண்டு சத்தம் பழக்கம். ஒன்று ரயில். இன்னொன்று பியூலா மிஸ். இரண்டில் எது பெரிது என்று கேட்டுப் பாருங்கள், தெருவே இரண்டாகப் பிரிந்து சண்டைக்கு வரும்.

வீட்டு மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட கொட்டகை, உள்ளே நாலு வரிசை பெஞ்சு, ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் அவளுடைய டியூஷன் சென்டர். பிளஸ் டூ பிசிக்ஸ் மட்டும்தான் எடுப்பாள். பொதுத் தேர்வோடு நிறுத்திக்கொள்கிற பிள்ளைகளும் வருவார்கள், நீட், ஜேஇஇ என்று தலைதெறிக்க ஓடுகிற பிள்ளைகளும் வருவார்கள். பாடம் நடக்கும்போது மின்சார ரயில் கடந்தால் வேறு யாராயிருந்தாலும் நிறுத்தி, அது போனதும் தொடர்வார்கள். பியூலா நிறுத்த மாட்டாள். ரயில் நெருங்க நெருங்கக் குரலை ஏற்றுவாள். கடைசிப் பெட்டி போகிறவரை இறக்க மாட்டாள். எந்த ரயிலாலும் தன் பேச்சை வெட்ட முடிந்ததில்லை என்று அதில் பெருமை வேறு.

முன்பு சேலையூர்ப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்த்தாள். ஒருநாள் அந்தப் பள்ளிக்காரர் கூப்பிட்டு, "மேடம், பக்கத்து கிளாஸ்ல தமிழ்ப் பாடம் நடக்கவே மாட்டேங்குது. அந்தப் பசங்களும் உங்க பிசிக்ஸைத்தான் கேக்கறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தது இவளுக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே ராஜினாமா. மறு வாரம் மாடியில் தகரம் ஏறிவிட்டது. ரோஷக்காரி!

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, நடத்தினால் மண்டையில் ஏறும். தொண்டைத் தண்ணீர் வற்ற வற்ற நடத்துவாள். இடையில் "புரிஞ்சுதா?" என்பாள். "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸாக வரும். பிள்ளைகள் பேசுவது அந்த இரண்டு சொல்லோடு சரி. அதற்கு மேல் பேச யாருக்கு இடம் இருந்தது?

இந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கின நாள், அந்தக் குரல் போய்விட்டது. ரயில் ஒன்று வந்தது, வழக்கம்போல ஏற்றினாள். ஏறவில்லை. கரகரவென்று ஏதோ வந்து, அப்புறம் வெறும் காற்று வந்தது. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் கப்சிப்.

குரோம்பேட்டையில் காது மூக்கு தொண்டை டாக்டர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். "கைல காய்ப்பு காய்க்கும் இல்லியா, அது மாதிரி உங்க குரல்நாண்ல காய்ச்சிருக்கும்மா. ஒரு மாசம் பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் மோசம். கரைஞ்சா நல்லது. இல்லைன்னா ஆபரேஷன். அதுக்கப்புறம் பழைய குரல் அப்படியே வரும்னு என்னால சொல்ல முடியாது."

"டாக்டர், மார்ச்ல பப்ளிக் எக்ஸாம்..." என்று அவள் ஆரம்பித்ததும், அவர் தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாம்பரம் வரும்வரை அழுதாள். புருஷன் தயாளன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை சூப்பர்வைசர். மெஷின் இரைச்சலில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு, மனைவி சத்தம் போடாமல் அழுவதுதான் தாங்கவில்லை. "ஒரு மாசம் லீவு விட்டுரலாம் பியூ" என்றான். அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். பரீட்சைக்கு முன்னால் லீவா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே குடைந்துகொண்டிருந்தது. குரலைக் கழித்துவிட்டால் பியூலாவிடம் என்ன மிச்சம்? பிசிக்ஸ் புத்தகத்தில் இருக்கிறது, யூடியூபில் இருக்கிறது. அவளிடம் இருந்தது அந்தத் தொண்டை ஒன்றுதானே! அது போனால் அவள் யார்?

சேதி பரவியதும் முதல் போன் சந்திரிகாவிடமிருந்து வந்தது. கோகிலவாணி என்று கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பெண் ஒருத்தி உண்டு, அவளுடைய அம்மா. போனைத் தயாளன் எடுத்தான்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. பேச முடியாதவங்க எப்படிண்ணா கிளாஸ் எடுப்பாங்க? ஜிஎஸ்டி ரோட்டுல புதுசா ஏசி கோச்சிங் சென்டர் ஒண்ணு திறந்திருக்காங்க. அங்க மாத்திரலாமான்னு அவ அப்பா கேக்கறாரு."

"ஒரு வாரம் பாருங்கம்மா" என்று தயாளன் கெஞ்சுவதைப் பியூலா பக்கத்திலேயே நின்று கேட்டாள். பதில் சொல்ல வாயில் வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் ஊமை வகுப்பு படு மோசம். அவள் பலகையில் எழுத எழுத, முதுகுக்குப் பின்னால் பேச்சும் சிரிப்பும். டஸ்டரால் மேஜையைத் தட்டினால் ஒரு நிமிஷம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். மின்காந்தப் பாடத்தில் 'லென்ஸ் விதி' என்று எழுதித் திரும்பினாள். மூன்றாம் பெஞ்சு தீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். கோபம் தலைக்கேறியது. திட்டக்கூட முடியாத கோபம் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். விறுவிறுவென்று போய் அவன் கையில் சாக்பீஸைத் திணித்து, பலகையைக் காட்டினாள். நீயே நடத்துடா பார்க்கலாம்!

"இன்னா மிஸ், நானா?" என்று நெளிந்துகொண்டே வந்தான். ஒரு கம்பிச்சுருள், ஒரு காந்தம் வரைந்தான். தலையைச் சொறிந்தான். அப்புறம் ஆரம்பித்தான் பாருங்கள்.

"மச்சான், இந்தக் காயில் கீதே, இது ஒரு வீம்பு புடிச்ச பார்ட்டி. மேக்னட் கிட்ட வந்தா, 'இன்னாத்துக்கு இங்க வர்ற, போ'ன்னு தள்ளும். சரின்னு அது கெளம்பினா, 'எங்க போற, நில்லு'ன்னு இழுக்கும். எது நடந்தாலும் அதுக்கு எதிரா நிக்கணும். அதான் மேட்டரு."

கொட்டகையே சிரித்தது. பியூலாவுக்கு அந்த பாஷையைக் கேட்கக் காது கூசியது. ஆனால் பிசிக்ஸ்? அட, அட்சரம் பிசகவில்லையே!

"அப்ப கரண்ட் எந்தப் பக்கம் ஓடும்?" என்று முன் பெஞ்சு கிரீஷ் கேட்டான். தீனா முழித்தான். இடப்பக்கம் என்றான், இல்லை வலப்பக்கம் என்றான். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். பியூலாவின் நாக்கு நுனியில் விடை துடித்தது. வாயைத் திறந்தே விட்டாள். டாக்டரின் விரல் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

"நார்த் போல் கிட்ட வந்தா, காயிலோட அந்தப் பக்கமும் நார்த்தா மாறணும். அப்பதானே தள்ளும்?"

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். கோகிலவாணி. சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணின் குரலைப் பியூலா தனியாகக் கேட்டதே இல்லை. மெல்ல எழுந்து முன்னால் வந்து, வலது கைக் கட்டைவிரலைக் காந்தத்தின் பக்கம் நீட்டி, மற்ற விரல்களை மடக்கிக் காட்டினாள். "மேக்னட் பக்கத்துலருந்து பாத்தா ஆன்ட்டி கிளாக்வைஸ். மேக்னட்டை வெளிய இழுத்தா கிளாக்வைஸ்."

பியூலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிற பெண், இத்தனை நாள் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? யோசித்தபோது நெஞ்சில் சுருக்கென்றது. தான் எப்போது காது கொடுத்தாள், அந்தப் பெண் பேசுவதற்கு?

அன்றிலிருந்து வகுப்பின் போக்கே மாறிப்போனது. பாடத்தை ஆளுக்கு ஒன்றாகப் பிள்ளைகளே எடுத்தார்கள். பியூலா சுவரோரம் நாற்காலி போட்டு, மடியில் டஸ்டரோடு உட்கார்ந்தாள். தப்பாகச் சொன்னால் மேஜையில் ஒரு தட்டு. எது தப்பு என்று சொல்ல மாட்டாள், சொல்லவும் முடியாது. அவர்களே பின்னால் போய்த் தேடுவார்கள், அடித்துக்கொள்வார்கள், கண்டுபிடித்ததும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தலையசைத்தால் ஒரே கூச்சல். எதிர்வீட்டுக்காரர்கள், மிஸ் கத்தினதே தேவலாம் போலிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டார்கள்.

வாரக் கடைசியில் சந்திரிகா போன் செய்தாள். "என்னண்ணா பண்ணாங்க மிஸ் எங்க பொண்ணை? தட்டைப் போட்டுக்கிட்டு சாப்பிடாம, அவ அப்பாவுக்கு எலக்ட்ரிசிட்டி கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்கா. மாத்த வேணாம்ணா, அங்கயே இருக்கட்டும்."

மாசம் முடிந்தது. டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கரைஞ்சிருச்சும்மா. பேசலாம். ஆனா கத்தக்கூடாது. கழுத்துல மாட்டற மைக் ஒண்ணு வாங்கிக்கங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று முதல் வார்த்தையாக "தயா" என்றாள். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் குரல் இருந்தது. தயாளனுக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. "இன்னொரு தடவை சொல்லு" என்றான். நடுரோட்டில் அவள் மூன்று தடவை சொன்னாள்.

சாயங்காலம் மைக்கை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை கூடப் பார்த்துவிட்டாள். பாதிப் படியில் நின்றாள். மேலே கோகிலவாணியின் குரல், "நீ சும்மா ஃபார்முலாவை ஒப்பிக்கற தீனா, ஏன்னு சொல்லு" என்று அதட்டியது. தீனா, "சொல்றேன் இரு, யோசிக்க வுடு" என்றான். பியூலா அங்கேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் மைக்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து டஸ்டரைக் கையில் எடுத்தாள். பரீட்சை வரைக்கும் நான் ஊமைதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"இது என்ன புது நாடகம்?" என்று தயாளன் கேட்டான். கேட்டது தப்பாய்ப் போயிற்று. மாடியில் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து, தினம் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் கொட்டினாள். பாவம், அந்த மனுஷன் தொழிற்பேட்டையில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டான் என்று கேள்வி.

நாடகம் நன்றாகத்தான் ஓடியது, தண்ணீர் லாரி வரும்வரை. லாரி ஓட்டும் துளசிங்கம் ஒருநாள் மத்தியானம் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் மூடியில் சக்கரத்தை ஏற்றினான். மூடி படாரென்று இரண்டாகப் போனது. பியூலாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

"யோவ்! கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு? நிறுத்துய்யா வண்டியை!"

துளசிங்கம் தலையை வெளியே நீட்டி வாயைப் பிளந்தான். "இன்னாக்கா, ஊமைன்னு சொல்லிக்கினு இருந்தாங்கோ, இம்மாம் சவுண்டு வுடுறியே!"

பியூலா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். ஒரு பிள்ளையும் கண்ணில் படவில்லை. நல்ல வேளை என்று உள்ளே ஓடிப்போய் வெந்நீர் குடித்தாள். அன்று சாயங்காலம் வகுப்பில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிசிக்ஸ் பரீட்சைக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. நம்பி வருகிற பிள்ளைகளை இத்தனை நாள் ஏமாற்றிவிட்டோமே என்று மனசு உறுத்தியது. பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளைங்களா, மிஸ் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்குக் குரல் வந்து ரொம்ப நாளாச்சு."

ஆச்சரியப்படுவார்கள், கோபப்படுவார்கள் என்று நினைத்தாள். ஒரு முகத்திலும் மாற்றமில்லை. தீனாதான் சொன்னான்.

"தெரியும் மிஸ். லாரி மேட்டர் அன்னிக்கே தெரியும். உங்க சவுண்டு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுச்சு."

பியூலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சுமா? அப்புறம் ஏன்டா ஒருத்தரும் கேக்கல?"

கோகிலவாணி எழுந்தாள்.

"நாங்கதான் கேக்க வேணாம்னு பேசி வச்சுக்கிட்டோம் மிஸ். நீங்க பேச ஆரம்பிச்சா நாங்க பழையபடி நிறுத்திடுவோம்னு பயமா இருந்துச்சு."

நல்ல அடி. மூக்கு உடைந்தே போயிற்று. இத்தனை வருஷம் கத்தின கத்தலுக்கு இதுதான் மார்க்கா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் அழுத அன்று மனசைக் குடைந்த கேள்வி தானாகவே வாயில் வந்துவிட்டது.

"அப்ப நான் எதுக்குடி இங்க? எல்லாத்தையும் நீங்களே பேசிக்கறீங்க. நான் உக்காந்து டஸ்டர் தட்டினதுதானே மிச்சம்?"

கோகிலவாணிக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி வீட்டுல, ஸ்கூல்ல எங்கயும் நான் பேசினதில்ல மிஸ். இங்க நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அதனாலதான் பேசினேன்."

பியூலா அழுதுவிட்டாள். மறைக்கவும் இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் பார்க்கப் பார்க்க நன்றாக அழுதாள். "ஐயோ மிஸ், தொண்டை, தொண்டை!" என்று தீனா பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் இரண்டு மடக்கு குடித்தாள். அந்தக் கொட்டகையில் யாரும் அதுவரை கேட்டிராத சின்னக் குரலில் கேட்டாள்.

"சரி. நாளைக்கு எக்ஸாம். யாருக்கு எதுல இன்னும் உதைக்குது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க, கேக்கறேன்."

பாதிக்கு மேல் கைகள் எழுந்தன.